கிணற்றில் விட்ட தமிழ்

சில மாதங்களுக்கு முன் திண்டுக்கல்லில் ஓர் இலக்கியக் கூட்டம். கடைவீதியை ஒட்டிய ஒரு மாடியறையில் இருபத்தைந்து பேர் கூடியிருந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த நண்பர் டிம்பக்டுவைப் பற்றிப் பேசினார். மாலி நாட்டின் வடக்கில், சகாராவின் விளிம்பில் இருக்கும் மண்சுவர் நகரம் அது. அங்குள்ள குடும்பங்கள் பல தலைமுறைகளாக மரப்பெட்டிகளில் காத்துவந்த அரபுச் சுவடிகள். 2012இல் நகரத்தைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள். அப்துல் காதிர் ஹைதரா என்ற நூலகரும் அவருடைய தோழர்களும் அச்சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்றது. 2013 சனவரியில் பின்வாங்கிய குழுவினர் அகமது பாபா நிறுவனத்தில் விட்டுப்போன ஏடுகளுக்குத் தீயிட்டது. நண்பர் நன்றாகப் பேசக்கூடியவர். தீயில் போனவை ஏறத்தாழ நாலாயிரம் என்று அவர் சொன்னபோது அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காப்பாற்றப்பட்டவை மூன்றரை இலட்சத்துக்கும் மேல் என்றபோது கைதட்டல். (அந்த எண் மீட்டவர்கள் தரப்புக் கணக்கு, அதை மிகை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.)

அடுத்துப் பேசியவர் 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்தை நினைவுகூர்ந்தார். எரிந்த தொண்ணூற்றேழாயிரம் நூல்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த அறையிலிருந்து நடக்கும் தூரத்தில் பேகம்பூர் இருக்கிறது. 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடம். தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த பகுதி. அங்குள்ள வீடுகளில் அரபு எழுத்தில் எழுதப்பட்ட பழைய சுவடி ஒன்றேனும் இருக்குமா என்று இருபத்தைந்து பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எங்களில் எட்டுப் பேர் தமிழ் முதுகலை படித்தவர்கள். ஐந்து பேர் அதையே கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

இதை மற்றவர்களைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. முதல் குற்றவாளி நான். அதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

2018இல் எங்கள் துறையில் இளங்கலை இரண்டாமாண்டு படித்த மாணவி ஒருத்தி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தோல் அட்டை போட்ட குறிப்பேடு. உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடும் அளவு. ஓரங்களை இராமபாணம் அரித்திருந்தது. கறுப்பு மையில் நெருக்கமாக அரபு எழுத்துகள். "ஐயா, இது எங்க நன்னியோடது. வீட்டை இடிச்சுக் கட்டுறோம். பரண்ல இருந்துச்சு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். நன்னி படித்தவரா என்று கேட்டேன். "இல்லைங்கய்யா, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று பதில் வந்தது. அப்படியானால் இதை எழுதியது யார் என்று கேட்டபோது, "அவங்கதான்" என்றாள். இரண்டு விடைகளுக்கும் இடையிலிருந்த முரண் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் செய்தது, ஏட்டை மரியாதையோடு அவள் கையில் திருப்பிக் கொடுத்ததுதான். "அரபியம்மா இது. உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டு" என்றேன். அவள் கைப்பேசியில் நான்கு பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் போனாள்.

ஹஜ்ரத் நேர்மையான மனிதர். புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து அரபிதான், ஆனால் இது அரபி மொழியில்லை, எனக்குப் பொருள் விளங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் வட இந்திய மதரஸாவில் ஓதி வந்தவர்; அரபியும் உருதும் அறிந்தவர். ஓதும் எழுத்து காலில் மிதிபடக் கூடாது, குப்பையில் சேரக் கூடாது. ஆகவே மாணவியின் அத்தா அதை வெள்ளைத் துணியில் சுற்றி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழங்கிணற்றில் இறக்கிவிட்டார். சிதைந்த திருமறைப் பக்கங்களை அவ்வாறு நீரிலோ மண்ணிலோ சேர்ப்பது காலங்காலமான வழக்கம். அவமதித்து எறிந்தவர் எவருமில்லை. எல்லோரும் அதற்கு மரியாதையே செய்தோம். தமிழாசிரியன் அரபி என்று அனுப்பினான். அரபி அறிந்தவர் அரபியில்லை என்றார். இருவருக்கும் நடுவே தமிழ் கிணற்றுக்குள் போயிற்று.

அந்த எழுத்து முறைக்குப் பெயர் அரபுத்தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். அரபியில் இல்லாத ட, ண, ள, ங, ஞ, ப முதலான ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு, வலமிருந்து இடமாகத் தமிழை எழுதும் முறை. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் என்று கடலோரத்தில் செழித்து, உள்நாட்டுச் சமவெளிக்கும் பரவியது. சட்டவிளக்கம், மறையுரை, மருத்துவம், பெண்களுக்கான அறிவுரை, பாடல், கதை, கடிதம், வணிகக் கணக்கு எல்லாம் அதில் எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபின் நூல்களாகவும் பெருகின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) ஒருவரே அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதிக் குவித்தவர். அவர் பாரசீகத்திலிருந்து அரபுத்தமிழாக்கிய 'மதீனத்துன் நுஹாஸ்' என்ற உரைநடைக் கதைக்கு 1858 என்று ஆண்டு குறிப்பிடப்படுகிறது. பின்னாளில் 'தாமிரப் பட்டணம்' என்று தமிழெழுத்துக்கும் வந்தது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879. இதை வைத்துக்கொண்டு முதல் தமிழ் நாவல் எது என்ற பழைய மல்லுக்கட்டைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. மொழிபெயர்ப்பை முதல் நாவல் என்று நிறுவுவது கடினம். ஆனால் தமிழ் உரைநடைக் கதையின் வரலாற்றை எழுதிய கைகளில் எத்தனை அந்த நூலின் பக்கம் நீண்டன என்று கேட்க உரிமையுண்டு.

டிம்பக்டு சுவடிகளைப் பற்றி நண்பர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றும் இங்கே பொருந்துகிறது. அவையெல்லாம் அரபி மொழியில் உள்ளவையல்ல. சொங்காய், புலானி, துவாரெக் மக்களின் மொழிகளில் அரபு எழுத்தால் எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. அரபி மட்டும் தெரிந்தவருக்கு அந்த ஏடுகள் பாதி ஊமை. அங்கே ஆய்வாளர்கள் அந்த வேறுபாட்டை அறிந்து தனித்துப் பட்டியலிடுகிறார்கள். இங்கே நாம் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

எழுத்து வேறானால் தமிழ் இல்லையா? நம் துறைகளின் நடைமுறையே இதற்கு விடை வைத்திருக்கிறது. 1554இல் லிசுபனில் அச்சான 'கார்த்தில்யா'வை அச்சேறிய முதல் தமிழ் நூல் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். அதில் தமிழெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. முழுக்க உரோமன் எழுத்து. தமிழெழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல்தான் கொல்லத்தில் வந்தது. உரோமன் எழுத்தில் வந்த கிறித்தவ நூல் தமிழின் முதல் அச்சுநூலாக இருக்கலாம். அரபு எழுத்தில் வந்த மருத்துவக் குறிப்பு மட்டும் 'அவர்களுடைய' நூலா? தமிழியையும் வட்டெழுத்தையும் கல்வெட்டியல் தாளில் வைக்கிறோம். மணிப்பிரவாள உரைகளுக்காகக் கிரந்த எழுத்தைப் பயில்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓரெழுத்து மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இருப்பது என்ன தெரியுமா? கலைச்சொற்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று ஐந்து வகைமைப் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தகுதித் தேர்வில் பொருத்துக வினாவாக வரும். 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' என்ற பெயரும், எழுதிய வண்ணப்பரிமளப் புலவர் பெயரும் பலருக்குத் தெரியும். நூலைத் திறந்து பார்த்தவர் என்று என்னுடன் பணியாற்றியவர்களில் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. சீறாப்புராணத்தில் ஒரு படலம், மஸ்தான் சாகிபு பாடல் நான்கு. இஸ்லாமியத் தமிழிலக்கியம் முடிந்தது. இத்தனைக்கும் ம.மு. உவைஸ் இலங்கையிலிருந்து வந்து, இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்துதான் பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அத்தொகுதிகள் நூலகங்களில் இருக்கின்றன. எங்கள் ஊரில் நான் பார்த்த படியில் கடன்சீட்டு ஒட்டிய தாள் வெறுமையாகவே இருந்தது.

"எல்லாம் மதநூல்கள்தானே, இலக்கிய மதிப்பு என்ன இருக்கும்?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல படிப்பாளி. வாரந்தோறும் தேவார வகுப்பு எடுப்பவர். பதில் சொல்லாமல் அவருடைய புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரு திருமுறை, நாலாயிரம், சிந்தாமணி, தேம்பாவணி... மதத்தைக் கழித்துவிட்டால் அந்த அலமாரியில் எஞ்சுவது கொஞ்சம்தான்.

சிந்தாமணி என்றதும் உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்கும்வரை அவர் அந்நூலைப் பயின்றவரல்லர். பரம சைவச் சூழலில் வளர்ந்தவர். சமண நூல் சமணர்களின் பாடு என்று விட்டிருக்கலாம். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய சமயக் கொள்கையையும் வழக்குகளையும் மாணவனாகக் கேட்டு அறிந்த பின்னர்தான் 1887இல் பதிப்பித்தார். ஏடு தேடிச் சென்ற ஊர்களில் அவர் கண்ட கொடுமைகளையும் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து அக்கினிக்கு இட்டார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகளும் உண்டு. அந்தக் கதைகளைச் சொல்லி 'அறியாமை' என்று வகுப்பில் நாம் வருந்துவோம். பேகம்பூர்க் கிணறும் அந்த ஆறும் ஒன்றே. இரண்டிலும் ஏட்டைக் கொன்றது பக்தி. படிக்கத் தெரியாதவர்களின் பக்தி. வேறுபாடு என்னவென்றால், அங்கே கரையில் ஒரு சாமிநாதையர் போய் நின்றார். இங்கே கரையில் நின்றவன் நான்; கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முஸ்லிம் நண்பர்களிடமும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்குக் கிடைத்த கருவூலம், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அர்வி என்பது தமிழிலிருந்து வேறான தனிமொழி என்ற பேச்சு அதற்குப்பின் பரவியிருக்கிறது. அந்த நான்கு பக்கங்களை வாசித்த பிறகு எனக்கு அதில் உடன்பாடில்லை. சொற்கள் கலந்திருக்கின்றன, எழுத்து வேறு. தொடரமைப்பும் வினைமுற்றும் கலப்பற்ற தமிழ். தனிமொழி என்று பெருமைப்படும்போது, ஏற்கெனவே தப்பிக்க வழி தேடும் தமிழ்த்துறைகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். "அது வேறு மொழியாமே" என்று அவர்கள் நிம்மதியாக வெளியேறிவிடுவார்கள். இன்னொன்று, மாலைகளும் மௌலிதும் மார்க்கத்துக்குப் புறம்பு என்ற சீர்திருத்த வாதம் கடந்த நாற்பதாண்டுகளில் வலுப்பெற்றிருக்கிறது. அதன் சமயச் சரிதவறுகள் எனக்கு அப்பாற்பட்டவை. ஓதுவதை நிறுத்திக்கொள்ளுங்கள், நூலை மட்டும் வெளியே தள்ளிவிடாதீர்கள். நம்பிக்கை இல்லாதவர்களின் கையில்கூட ஒரு நூல் சாகாமல் இருக்க முடியும்.

கேரளத்தைப் பாருங்கள். அரபி மலையாளத்தில் 1607இல் எழுதப்பட்ட 'முஹ்யித்தீன் மாலை'யும், மோயின்குட்டி வைத்தியர் 1872இல் இயற்றிய 'பத்ருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' காதல் காவியமும் மலையாள இலக்கிய வரலாற்றுக்குள் இருக்கின்றன. வைத்தியர் பெயரில் கொண்டோட்டியில் ஓர் அகாதமியே இயங்குகிறது. மாப்பிளப்பாட்டைப் பள்ளிக் கலைவிழா மேடையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பாடுகிறார்கள். மலையாளிக்கு இயன்றது, மூன்று சங்கம் கண்டவர்களுக்கு ஏன் இயலவில்லை?

பணம் இல்லை என்பது எளிதில் சொல்லப்படும் சமாதானம். 2003இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் இருந்தது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுக்க ஞான பாரதம் என்ற இயக்கம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் தமிழகத்து அரபுத்தமிழ் ஏடுகள் சில படமெடுக்கப்பட்டிருக்கின்றன. நல்லதுதான். என் அச்சம் வேறு. நான்கு பக்கம் படமாக என் கைப்பேசியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதனால் யாருக்கு என்ன பயன்? வாசிக்க ஆளில்லாத மின்னாக்கம், கிணற்றுக்குப் பதிலாக வன்தட்டில் இறக்குவது மட்டுமே. காலமும் நம் பக்கம் இல்லை. பாலைவனத்தின் வறட்சி காகிதத்துக்கு நண்பன். டிம்பக்டு ஏடுகள் பல நூற்றாண்டு நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஈரம் மிகுந்த பமாக்கோவுக்கு வந்தபின் பூஞ்சைக் கவலை எழுந்தது. 2025 ஆகஸ்டில் ஒரு பகுதியைத் திரும்ப டிம்பக்டுவுக்கே கொண்டுபோனதற்கும் அந்த ஈரம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் உப்புக்காற்றில் நிற்கின்றன. கரையான் எந்தத் திட்ட அறிக்கைக்கும் காத்திருப்பதில்லை. அங்கே ஏடுகளைத் துப்பாக்கியிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது. இங்கே துப்பாக்கி ஏந்தியவர் எவருமில்லாமலேயே காரியம் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். நண்பர் ஒருவரின் தாயார், எழுபது கடந்தவர், இளமையில் அரபுத்தமிழ் மாலைகளை வாசித்துப் பழகியவர். வாரம் ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் என் பாடம். "தம்பி, நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா வராது. வாய்விட்டுச் சொல்லுங்க" என்று அதட்டுவார். ஜபர், ஜேர், பேஷ் என்று உயிர்க்குறிகளைச் சொல்லிச் சொல்லி, நாற்பத்தாறு வயதில் நாக்கு புரண்டது. மூன்று மாதத்தில் அந்த நான்கு பக்கங்களையும் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டேன். இரண்டு பக்கம் பேறுகால மருந்து: சுக்கு, திப்பிலி, சதகுப்பை, வெள்ளைப்பூண்டு, கருப்பட்டி, அளவுகளோடு. வேப்பங்கொழுந்து என்பதை ளகரமிட்டு 'கொளுந்து' என்றே எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே. தமிழெழுத்து ஒன்றாக்கிவிடும் பகரத்தின் இரண்டு ஒலிகளையும் அவர் இரண்டு எழுத்தால் பிரித்துக் காட்டுகிறார். ஒலியியல் ஆய்வாளன் ஒருவன் இதற்காகவே அவர் காலில் விழலாம். மற்ற இரண்டு பக்கங்களில் வீட்டில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள், பிறந்த நாள், நேரம். சில பெயர்களுக்கு எதிரே இறந்த நாளும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பேத்தி சொன்னாளே, அந்த நன்னியின் கையெழுத்து. கடைசிப் பக்கத்து ஆறாவது பெயர் அந்த மாணவியின் அத்தாவுடையது. கிணற்றில் இறக்கியவர் அவர்தான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பாடத்திட்டக் குழுவில் ஒரு விருப்பப் பாடத்துக்கு முன்மொழிவு கொடுத்தேன். அரபுத்தமிழ் எழுத்தும் வாசிப்பும், ஒரு பருவம், வாரம் இரண்டு மணி நேரம். அரபி மொழி கற்க வேண்டியதில்லை. எழுத்தும் கூடுதல் குறிகளும் பழகினால் போதும், தமிழ் தெரிந்தவனுக்கு மீதி தானாகத் திறக்கும். "யார் நடத்துவது?" என்று கேட்டார்கள். நான் என்றேன். "உங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டா?" என்றார்கள். திண்ணையில் படித்ததற்குச் சான்றிதழ் தருவார் இல்லை. முன்மொழிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

இப்போதைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மரத்தடியில் வகுப்பு. நான்கு பேர் வருகிறார்கள், இருவர் பெண்கள். வாசிக்க ஏடுதான் இல்லை. அந்த நான்கு பக்கத்தையே படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் யாருடைய வீட்டுப் பரணிலேனும், வலமிருந்து இடமாக எழுதிய குறிப்பேடு ஒன்று இருக்குமானால், துணியில் சுற்றுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த்துறைக்குக் கொண்டுபோங்கள். அரபி என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். முதல் வரியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.